அனல் தாங்கும் எஃகு: ரயிலிலும் பட்டறையிலும் என்னிடம் கேட்ட கேள்விகள்

பூதலூரிலிருந்து திருவெறும்பூருக்குப் பாசஞ்சர் ரயிலில் போய்வந்தே என் வேலைக்காலம் கழிகிறது. துவாக்குடிப் பக்கம் பாய்லர் பாகங்கள் செய்யும் பட்டறைகளில் தரம் பார்க்கிற வேலை. கூட வரும் ஐ.டி.ஐ. பிள்ளைகள், வளைகுடாவுக்குக் கிளம்பும் வெல்டர்கள், ஊரில் அரிசி ஆலை வைத்திருப்பவர்கள் எல்லாரும் சுற்றிச் சுற்றி ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை எழுதி, என் பதிலையும் சேர்த்திருக்கிறேன். முதல் கேள்வியிலிருந்து வரிசையாகப் படித்தால் பின்னால் வருவது சுலபமாகப் புரியும்.

பாய்லர்னா இரும்புக் குழாய்தானே அண்ணே? அதுல என்ன தனியா அனல் தாங்குற எஃகு?

எல்லாம் இரும்புதான். ஆனால் ஒரே பாய்லருக்குள் ஐந்தாறு வகை எஃகு இருக்கிறது. தண்ணீர் கொதிக்கும் சுவர்க் குழாய்களில் சூடு குறைவு, அங்கே சாதாரணக் கார்பன் எஃகோ கொஞ்சம் குரோமியம் சேர்த்த எஃகோ போதும். நீராவியாகிவிட்ட பிறகு அதை மேலும் சூடேற்றும் சூப்பர்ஹீட்டர், ரீஹீட்டர் காயில்களுக்கு (வளைத்து வளைத்துச் செய்த குழாய்களுக்கு) வரும்போதுதான் சிக்கல். அங்கே குழாய்க்கு உள்ளே 550, 600 டிகிரி நீராவி. வெளியே அதைவிடப் பல நூறு டிகிரி கூடுதலான புகை. அழுத்தமோ 170 பாரிலிருந்து 300 பார் வரை. ஒரு காரின் டயரில் இருப்பது சுமார் 2 பார். ஒப்பிட்டுப் பாருங்கள்.

கார்பன் எஃகு ஏறக்குறைய 425 டிகிரிக்கு மேல் நெடுங்காலம் இருந்தால் உள்ளுக்குள் கெட்டுப்போகும். அதிலுள்ள கார்பைடு பிரிந்து கிராஃபைட்டாகிவிடும். அதற்கு மேலான சூட்டுக்குக் குரோமியம், மாலிப்டினம் என்று சேர்த்துச் செய்ததைத்தான் அனல் தாங்கும் எஃகு என்கிறோம்.

நீராவியை இன்னும் சூடாக்கினா கரண்டு எப்படி சார் கூடும்? சூடாக்கவும் நிலக்கரிதானே செலவாகுது?

நல்ல கேள்வி. சூடாக்கச் செலவாகும் நிலக்கரி கொஞ்சம் கூடுகிறது, ஆனால் கிடைக்கிற வேலை அதைவிட அதிகமாகக் கூடுகிறது. டர்பைனைச் சுற்றிவிட்டு வெளியே வரும் நீராவியைக் குளிரவைத்துத் திரும்பத் தண்ணீராக்குகிறார்களே, அந்த இடத்தில்தான் நிலக்கரியின் சூட்டில் பாதிக்கு அருகில் குளிர்நீரோடு போய்விடுகிறது. நீராவி எந்தச் சூட்டில் உள்ளே நுழைகிறது, எந்தச் சூட்டில் வெளியேறுகிறது என்ற இடைவெளி பெரிதாக ஆக, வீணாகும் பங்கு குறையும். சூட்டில் எவ்வளவு பங்கை வேலையாக மாற்றலாம் என்பதன் மேல்வரம்பைப் பிரெஞ்சுப் பொறியாளர் கார்னோ 1824-லேயே காட்டிவிட்டார். 40 டிகிரியில் வெளியேறுவதாக வைத்தால், 540 டிகிரியில் நுழையும்போது அந்த வரம்பு 61 சதவீதத்தை ஒட்டி வரும்; 700 டிகிரியில் நுழைந்தால் 68-ஐ ஒட்டி. நிஜ ஆலை இந்த வரம்பைத் தொடாது. ஆனாலும் வரம்பு உயர்ந்தால் அதுவும் உயரும்.

நடைமுறையில் 540 டிகிரியில் ஓடும் பழைய ஆலைகள் நிலக்கரியின் சூட்டில் 35 முதல் 38 சதவீதம் வரை மின்சாரமாகத் தருகின்றன. தண்ணீரை 221 பார் அழுத்தமும் 374 டிகிரியும் தாண்டிக் கொண்டுபோனால் கொதிப்பது என்பதே இல்லாமல் போய்விடும், தண்ணீருக்கும் ஆவிக்கும் வித்தியாசம் மறைந்துவிடும். அந்த எல்லைக்கு மேலே ஓடுவது சூப்பர்கிரிட்டிகல் ஆலை. இவை 40 சதவீதத்தை ஒட்டி வருகின்றன. 600 டிகிரி ஆலைகள் அதற்கும் மேலே. மத்தியப் பிரதேசத்தில் கார்கோனில் 2019-இல் மின்தொகுப்பில் இணைந்தது நம் நாட்டின் முதல் 600 டிகிரி ஆலை.

38-லிருந்து 42-க்கு ஏறினால் நாலு சதவீதம்தானே என்று நினைக்க வேண்டாம். அதே மின்சாரத்துக்கு முன்பு 100 டன் எரித்த இடத்தில் இப்போது 90.5 டன் போதும். கரியமில வாயுவும் சாம்பலும் அதே அளவுக்குக் குறையும், ஒவ்வொரு நாளும், முப்பது வருஷத்துக்கு. நான் இந்த வேலையை மதிப்பதற்கு இதுதான் காரணம்.

எஃகு 1500 டிகிரியில்தானே உருகும்? 600-க்கே ஏன் பயப்படணும்?

வீட்டுக் கொல்லையில் நைலான் கொடிக்கயிறு கட்டுகிறோம். கட்டின அன்று விறைப்பாக நிற்கும். தினமும் ஈரத்துணி காய்கிறது. கயிறு ஒரு நாளும் அறுந்ததில்லை, ஆனால் ஆறு மாதத்தில் நடுவில் தொங்கிப்போய் வேட்டி தரையைத் தொடுகிறது. அறுக்கிற அளவு பாரம் இல்லாமலேயே, காலம் போகப் போக நீண்டுகொண்டே இருக்கிறது. இதைத்தான் க்ரீப் என்கிறார்கள், தமிழில் ஊர்வு.

உலோகத்திலும் அப்படித்தான். உருகுநிலையைக் கெல்வினில் (சாதாரண டிகிரியோடு 273 கூட்டி) எடுத்து அதில் 40 சதவீதத்தைத் தாண்டினால் ஊர்வு கவலைப்படவேண்டிய அளவுக்கு வந்துவிடும். எஃகுக்குக் கணக்குப் போட்டால் 450 டிகிரிக்கு முன்பின். ஆகவே 600 என்பது எஃகுக்குச் சின்னச் சூடு இல்லை. குழாய் மெல்ல மெல்ல உப்பும், உள்ளே எஃகின் நுண்படிகங்களான மணிகளின் விளிம்புகளில் ஊசிமுனையைவிடச் சிறிய ஓட்டைகள் பிறக்கும், அவை ஒன்றோடொன்று சேர்ந்து ஒரு நாள் கிழியும்.

தஞ்சாவூர் பீரங்கி மேட்டுல இருக்குற பீரங்கி 17ஆம் நூற்றாண்டுலேர்ந்து அப்படியே இருக்கு. பாய்லர் குழாய் மட்டும் ஏன் இருபத்தஞ்சு வருஷத்துல போயிடுது?

பீரங்கி வெயிலிலும் மழையிலும் நிற்கிறது, அவ்வளவுதான். இரும்பு வளையங்களையும் பட்டைகளையும் காய்ச்சி அடித்து ஒன்றாக்கிய அருமையான வேலை அது, துருவையும் நன்றாகவே தாங்கியிருக்கிறது. ஆனால் அதன் மேல் பாரமும் இல்லை, சூடும் இல்லை. மேலே சொன்ன ஊர்வு நடக்கச் சூடு, பாரம், காலம் மூன்றும் சேர வேண்டும். பீரங்கிக்கு இதில் காலம் மட்டும்தான்.

22, 91, 92னு நம்பர் நம்பரா சொல்றீங்களே, அது என்ன?

அமெரிக்கத் தரநூலில் அந்தந்த எஃகுக்குக் கொடுத்த எண். முன்னால் டி வந்தால் டியூப், பி வந்தால் பெரிய பைப். 22 என்றால் 2.25 சதவீதம் குரோமியம், 1 சதவீதம் மாலிப்டினம். பல பத்தாண்டுகளாக உலகத்தின் அனல்மின் நிலையங்களைத் தாங்கி நின்ற எஃகு அதுதான்.

91-இல் 8 முதல் 9.5 சதவீதம் குரோமியம், 1 சதவீதத்தை ஒட்டி மாலிப்டினம், அதோடு வனேடியம், நியோபியம், நைட்ரஜன் எல்லாம் கைப்பிடி உப்பு மாதிரி. 1970-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடத்தில் இது உருவானது. முதலில் நினைத்தது நிலக்கரி ஆலைக்கு இல்லை, சோடியத்தால் குளிர்விக்கும் வேக ஈனுலை என்ற அணு உலைக்கு. 1983-இல் டியூப் வடிவத்துக்குத் தரநூல் அனுமதி வந்தது, அப்புறம் உலகம் பூராவும் பாய்லர்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். 92 ஜப்பானில் பிறந்தது. மாலிப்டினத்தைப் பாதியாகக் குறைத்து 1.5 முதல் 2 சதவீதம் டங்ஸ்டன் சேர்த்து, துளி போரானும் போட்டார்கள்.

எவ்வளவு முன்னேற்றம் என்றால், 600 டிகிரியில் ஒரு லட்சம் மணி நேரம் கிழியாமல் தாங்கக்கூடிய பாரம் 22-க்குச் சதுர மில்லிமீட்டருக்கு 35 நியூட்டன் போல. 91-க்குச் சுமார் 90. 92-க்குச் சுமார் 113. இதனால்தான் 22-இல் தடி தடியாகச் செய்த பைப்பை 91-இல் பாதிக்கும் குறைந்த தடிமனில் செய்ய முடிகிறது.

கால் சதவீதம்கூட இல்லாத வனேடியம் என்னத்த சார் பெருசா செஞ்சிடும்?

வயலைச் சுற்றி முள் அடைக்கிறோம். முள் நெருக்கமாகப் பரவியிருந்தால் ஆடு உள்ளே வராது. அதே முள்ளை மூலையில் ஒரே குவியலாகப் போட்டால்? முள்ளின் எடை குறையவில்லை, ஆனால் ஆடு பக்கத்திலேயே நடந்து வந்து நாற்றை மேய்ந்துவிடும். எஃகு ஊர்கிறது என்றால் அதன் அணு அடுக்குகளில் உள்ள பிசகுகள் நகர்கின்றன என்று பொருள். அந்தப் பிசகுதான் ஆடு. வனேடியமும் நியோபியமும் நைட்ரஜனோடும் கார்பனோடும் சேர்ந்து கண்ணுக்கே தெரியாத பொடிகளாக எஃகு முழுக்கப் பரவி நிற்கின்றன. அதுதான் முள்.

ஆனால் சேர்த்துவிட்டால் மட்டும் முள் பரவிவிடாது. எஃகை 1040 முதல் 1080 டிகிரி வரை காய்ச்ச வேண்டும், அப்போது எல்லாம் கரைந்துபோகும். காற்றில் ஆறவிட்டால் மார்டென்சைட் என்ற கடினமான அமைப்பு வரும். அது கண்ணாடி மாதிரி உடையக்கூடியது. அப்புறம் 730 முதல் 800 டிகிரிக்குள் திரும்பக் காய்ச்சினால் கடினம் தணிந்து, பொடிகள் சரியான அளவில், சரியான இடத்தில் முளைக்கும். நம் வீடுகளில் பாகு காய்ச்சுகிறவர்கள் பக்குவம் என்று சொல்வார்கள். அதே வெல்லம், அதே தண்ணீர், பாகின் பதம் தவறினால் அதிரசம் வராது. 91-இல் சேர்மானம் பாதிதான், மீதிப் பாதி பக்குவம். இந்தப் பக்கத்தில் நான் சொல்லவந்த முக்கியமான விஷயமே இதுதான், கீழே திரும்பத் திரும்ப இதற்கே வருவேன்.

காலம் போனால் முள்ளும் மாறும். சூட்டிலேயே கிடப்பதால் சின்னப் பொடிகள் கரைந்து பெரிய பொடிகளோடு சேரும். வேலி இடைவெளி விடும். எஃகுக்கு வயசாகிறது என்றால் இதுதான்.

பத்து டிகிரி கூடினா என்ன ஆயிடப்போகுது? 600-க்கு 610 ஒரு வித்தியாசமா?

ஆயுள் பாதியாகிவிடும். மிகைப்படுத்தவில்லை, கணக்கே போட்டுக் காட்டுகிறேன். லார்சன், மில்லர் என்ற இருவர் 1952-இல் கொடுத்த எளிய சூத்திரம் இது: கெல்வினில் வெப்பநிலையை எடுத்து, 20-ஓடு ஆயுள் மணி நேரத்தின் மடக்கையை (லாகரிதத்தை) கூட்டிப் பெருக்கினால் வருகிற எண், ஒரே பாரத்துக்கு மாறாது. 600 டிகிரி என்றால் 873 கெல்வின். ஆயுள் ஒரு லட்சம் மணி, மடக்கை 5. 873-ஐ 25-ஆல் பெருக்கினால் 21,825. இப்போது 610 டிகிரி, அதாவது 883 கெல்வின். 21,825-ஐ 883-ஆல் வகுத்தால் 24.717. இருபதைக் கழித்தால் 4.717. அது 52,000 மணி நேரத்தின் மடக்கை. 620 டிகிரிக்குப் போட்டுப் பாருங்கள், கால் பங்குக்குச் சற்று மேலேதான் மிஞ்சும்.

அந்த 20 என்பது எஃகுக்கு எஃகு மாறும். 91 போன்றவற்றுக்கு இன்னும் பெரிய எண்ணை வைக்கிறார்கள், அப்போது இழப்பு இதைவிடக் கூடுதல்.

லட்சம் மணி நேரம் தாங்கும்னு எப்படிக் கண்டுபிடிச்சாங்க? பதினோரு வருஷம் உட்கார்ந்து பார்த்தாங்களா?

சில இடங்களில் உண்மையாகவே பார்த்தார்கள். சிறு கம்பியாகக் கடைந்த எஃகை உலைக்குள் தொங்கவிட்டு, அடியில் எடை கட்டி, எப்போது அறுகிறது என்று காத்திருப்பதுதான் சோதனை. ஜப்பானின் தேசியப் பொருளறிவியல் நிறுவனத்தில் 1969-இல் தொடங்கிய ஒரு சோதனை 2011 வரை ஓடியது. தொடங்கிவைத்தவர்கள் ஓய்வு பெற்றுப் போயிருப்பார்கள், கம்பி தொங்கிக்கொண்டே இருந்தது. அந்தப் பொறுமையின் மேல்தான் இன்றைய பாய்லர்கள் நிற்கின்றன.

எல்லாவற்றுக்கும் அவ்வளவு காலம் கிடைக்காது. ஆகவே கூடுதல் சூட்டிலோ கூடுதல் பாரத்திலோ சில ஆயிரம் மணி நேரம் சோதித்து, மேலே சொன்ன சூத்திரம் போன்றவற்றால் நீட்டிக் கணக்கிடுகிறார்கள். இதில்தான் ஒரு பெரிய அடி விழுந்தது. துருவை இன்னும் நன்றாகத் தாங்கட்டும் என்று குரோமியத்தை 12 சதவீதத்துக்கு ஏற்றிச் செய்த எஃகுகள் குறுகிய சோதனையில் பிரமாதமாக நின்றன. பல்லாயிரம் மணி நேரம் போனதும் திடீரென்று பலம் சரிந்தது. காரணம் இசட் ஃபேஸ் என்ற முரட்டுத் துகள். அது வளர்வதற்குத் தேவையான நைட்ரஜனையும் நியோபியத்தையும் வனேடியத்தையும் நம் முள் பொடிகளிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. குரோமியம் கூடினால் இது வேகமாக வரும். அதனால்தான் இன்றுவரை 9 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறார்கள். போரானைக் கொஞ்சம் கூட்டி, நைட்ரஜனைக் குறைத்து, கோபால்ட் சேர்த்து அடுத்த தலைமுறை எஃகை ஜப்பானியர் உருவாக்கினார்கள்.

இவ்வளவு தலைவலி எதுக்கு? எல்லா இடத்துலயும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலே போட்டுட்டா முடிஞ்சுது!

சூப்பர்ஹீட்டரின் கடைசிக் காயில்களில் ஏற்கெனவே ஸ்டெயின்லெஸ்தான் போடுகிறார்கள், 347எச், 304எச் வகைகள். 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதத்துக்கு மேல் நிக்கல் உள்ள இனம். மெல்லிய குழாய்க்குச் சரி. ஆனால் எல்லாக் குழாய்களும் வந்து சேரும் ஹெடரும், டர்பைனுக்குப் போகும் பெரிய பைப்பும் தடிமனானவை. ஸ்டெயின்லெஸ் சூட்டில் விரிவது அதிகம், சாதாரண எஃகைப் போல ஒன்றரை மடங்கை ஒட்டி. சூட்டைக் கடத்துவதோ குறைவு. உள்ளே அனல் ஏறி வெளியே ஏறாமல் இருக்கும்போது உள்பக்கம் விரிய நினைக்கும், வெளிப்பக்கம் விடாது. ஒவ்வொரு தடவை ஆலையை நிறுத்தி ஓட்டும்போதும் இந்த இழுபறி. கடைசியில் விரிசல்.

அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா அருகே எடிஸ்டோன் ஆலை 1960-ஐ ஒட்டி ஓடத் தொடங்கியது. 345 பார், 650 டிகிரி என்று வடிவமைத்தார்கள். இன்றைக்கும் அது எட்டாத உயரம்தான். தடிமனான பாகங்களை ஸ்டெயின்லெஸ் இனத்தில் செய்ததால் இதே சிக்கல்களில் மாட்டி, அப்புறம் 610 டிகிரிக்குக் குறைத்துத்தான் ஓட்டினார்கள். பின்னாளில் 91 வந்தபோது உலகம் கொண்டாடியதற்குக் காரணம் இப்போது புரியும். அது ஸ்டெயின்லெஸ் அளவுக்கு விரியாமல், அதன் பலத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

இன்னொரு தொல்லையும் உண்டு. நீராவியே குழாயின் உட்புறத்தில் ஆக்சைடு தோலை வளர்க்கும். ஆலையை நிறுத்தி ஆறவிடும்போது ஸ்டெயின்லெஸ் நன்றாகச் சுருங்கும், தோல் அவ்வளவு சுருங்காது, உதிரும். பழுதான ஒரு காயிலின் அடிவளைவை அறுத்துக் கொட்டியபோது பார்த்தேன். நொறுங்கின கருப்பு அப்பளம் மாதிரி, இரண்டு கை நிறைய. அது நீராவியின் வழியை அடைத்துவிட்டால் அந்தக் குழாய் மட்டும் சூடேறி வெடிக்கும். இதற்காகவே மணிகளைப் பொடியாக்கிய ரகமும், உட்புறத்தில் சின்ன எஃகு உருண்டைகளை வீசி அடித்துப் பதப்படுத்தும் முறையும் வந்தன.

91 வெல்டிங்குல மட்டும் ஏன் இவ்வளவு கெடுபிடி? 6ஜி பாஸ் பண்ணவன் கையே போதாதா?

6ஜி என்ற சாய்ந்த குழாய் வெல்டிங் தேர்வில் தேறிய கை வேண்டும்தான், ஆனால் போதாது. வெல்டிங் போடும் இடத்தில் எஃகு உருகி உறைகிறது. அதாவது ஆலையில் பார்த்துப் பார்த்துச் செய்த பக்குவம் அங்கே அழிந்துபோகிறது. அதை நம் பட்டறையில் நாம்தான் திரும்பக் கொண்டுவர வேண்டும். வெல்டிங்குக்கு முன்பே 200 டிகிரிக்கு மேல் சூடேற்றி, முடியும்வரை அதைக் கீழே விடாமல், 300, 350-க்கு மேலும் ஏறவிடாமல் வைக்க வேண்டும். முடிந்ததும் 100 டிகிரிக்குக் கீழே ஆறவிட வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆறினால்தான் எல்லாம் மார்டென்சைட்டாக மாறி முடியும். மாறாமல் மிச்சம் இருப்பதை அப்படியே, வெல்டிங்கின் இழுவிசையைத் தணிக்கும் எஸ்.ஆர். உலையில் ஏற்றினால், அது பின்னால் ஆறும்போது புதிதாக உடையக்கூடிய மார்டென்சைட்டாகிவிடும். ஆறியதும் 760 டிகிரியை ஒட்டி எஸ்.ஆர். அது தவறி 800-ஐத் தாண்டிப் போய்விட்டால் எஃகு பாதி மாறத் தொடங்கிவிடும், எல்லாம் பாழ்.

ஒரு கார்த்திகை மாதம், அடைமழை. நான் தரம் பார்த்த ஒரு பட்டறையில் 91 ஹெடரில் நாசில் என்ற குட்டைக் குழாயை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ரூட் என்ற அடி வரிசை டிக் வெல்டிங்கில் முடிந்து, மேலே ஆர்க் வெல்டிங்கில் பாதி நிரப்பியிருந்தபோது கரண்டு போனது. ஜெனரேட்டர் எடுக்கவில்லை. சூடேற்றும் காயில் அணைந்துபோச்சு. கம்பளி போட்டு மூடுவதற்குள் கூரைத் தகட்டின் இடுக்கிலிருந்து மழை சொட்டியது. ‘காலையில பார்த்துக்கலாம்’ என்றார்கள். காலையில் காந்தத் துகள் தூவிப் பார்த்தால், ஜாயின்ட்டின் ஓரமாக முடியளவுக்கு ஒரு கோடு, என் சுண்டுவிரல் நீளம். அறுத்து எடுத்து முதலிலிருந்து செய்தோம். ஈரத்திலிருந்து நுழைந்த ஹைட்ரஜனும், தணிக்காத மார்டென்சைட்டும், உள்ளே இருந்த இழுவிசையும் சேர்ந்தால் இதுதான் நடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் காற்றே ஈரம். எலெக்ட்ரோடை அடுப்பில் 300 டிகிரிக்கு மேல் வறுத்து, சூடான குடுவையிலேயே வைத்து எடுங்கள். எஸ்.ஆர். ஆகாத 91 ஜாயின்ட்டை ஒரு ராத்திரிகூட நனையவிடாதீர்கள்.

எல்லாம் சரியாகச் செய்தாலும் ஒரு பலவீனம் மிஞ்சும். வெல்டிங் சூடு பட்ட பகுதியின் வெளி ஓரத்தில் ஒரு மெல்லிய பட்டை, மணிகள் பொடிந்து மென்மையாகிவிடும். பல ஆண்டுகள் ஓடிய பிறகு விரிசல் அங்கேதான் வருகிறது, நான்காம் வகை விரிசல் என்று பெயர். அதனால் வடிவமைப்பிலேயே ஜாயின்ட்டின் பலத்தைக் குறைத்துக் கணக்கிடுகிறார்கள்.

எங்க அரிசி ஆலையில உமி பாய்லர் இருக்கு. அதுக்கு 91 குழாய் போட்டா ரொம்ப நாள் உழைக்குமா?

வேண்டாம். நெல் அவிக்கும் பாய்லரில் 10 பார் அளவில்தான் நீராவி, சூடு 185 டிகிரிக்குள். ஊர்வு என்ற பேச்சே அங்கே இல்லை. உங்கள் குழாயைக் கெடுப்பது உமிச் சாம்பலின் மணல் போன்ற சிலிக்கா உரசலும், பதம் பார்க்காத தண்ணீரில் படியும் சுண்ணாம்பும். அந்தப் பணத்தைத் தண்ணீர் மென்மையாக்கும் கருவிக்குச் செலவழியுங்கள். சர்க்கரை ஆலைகளில் கரும்புச் சக்கையில் மின்சாரம் எடுக்கும் பாய்லர்கள் வேறு. அங்கே 500 டிகிரியை ஒட்டிப் போவதால் சூப்பர்ஹீட்டரில் 22 போன்றவை வேண்டும்.

குத்தாலம், கோவில்களப்பால்ல கேஸ்ல கரண்டு எடுக்குறாங்களே, அங்கயும் இதே எஃகா?

அவை நம் டெல்டாவின் எரிவாயுவை வைத்து ஓடும், ஒவ்வொன்றும் நூறு மெகாவாட்டை ஒட்டிய சின்ன ஆலைகள். கேஸ் டர்பைனின் முன்வரிசை இலைகளான பிளேடுகளைத் தாக்கும் புகை 1000 டிகிரிக்கும் மேலே. அங்கே எஃகே நிற்காது, நிக்கல் கலவைதான், அதற்கும் உள்ளே காற்றோட்டத் துளை வேண்டும். அந்தப் புகையின் மிச்சச் சூட்டில் நீராவி எடுக்கும் பாய்லருக்கு வந்தால் மறுபடி நம் எஃகுகளின் ராஜ்யம்.

700 டிகிரி ஆலைன்னு சொல்றாங்களே, அது நம்ம ஆளுங்களால முடியுமா?

அதற்கான பெரிய வேலை நம் வாசலிலேயே நடக்கிறது. கல்பாக்கத்தில் உள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம், பெல், மின் உற்பத்தி நிறுவனமான என்.டி.பி.சி. மூன்றும் சேர்ந்த திட்டத்துக்கு 2016-இல் மத்திய அரசு ஒப்புதல் தந்தது. குறி 800 மெகாவாட் ஆலை, 310 பார் அழுத்தம், 710 டிகிரி நீராவி, டர்பைனில் ஒரு சுற்று ஓடிவந்ததைத் திரும்பச் சூடேற்றும் ரீஹீட் 720. திருவெறும்பூரில் 1960-களிலிருந்து பாய்லர் செய்கிற பெல் ஆலைக்கு இதில் நடுநாயகமான இடம்.

650 டிகிரிக்கு மேல் 91, 92 எல்லாம் ஒதுங்கிக்கொள்ளும். அங்கே இரண்டு பொருட்களை உள்நாட்டிலேயே குழாயாகச் செய்துகாட்டியிருக்கிறார்கள். ஒன்று, 3 சதவீதம் செம்பு சேர்த்த 304எச் ஸ்டெயின்லெஸ். செம்பு மிக நுண்ணிய பொடியாகப் பிரிந்து முள்வேலி வேலையைச் செய்கிறது. இன்னொன்று 617 என்ற நிக்கல் கலவை. பாதிக்கு மேல் நிக்கல் என்பதால் விலை பல மடங்கு. ஆகவே 700 டிகிரி ஆலை என்றால் முழுக்க நிக்கல் என்று எண்ணக்கூடாது. சூடு ஏற ஏறக் கார்பன் எஃகு, 22, 91, 92, ஸ்டெயின்லெஸ், நிக்கல் என்று படிப்படியாக மாறும். ஒவ்வொரு படியிலும் வெவ்வேறு உலோகங்களை ஒட்டவேண்டிய ஜாயின்ட் வரும். எனக்கு இதில் கவலை அங்கேதான். கலவையைக் கண்டுபிடிப்பதைவிட, அந்த ஜாயின்ட்டை ஆயிரக்கணக்கில் பிசகாமல் போடக்கூடிய ஆட்களை உருவாக்குவது கடினம்.

பழைய ஆலையில காயிலை மட்டும் 92-க்கு மாத்திட்டு சூட்டை ஏத்தி ஓட்டலாமே?

முடியாது. டர்பைன், வால்வு, பைப் எல்லாம் பழைய சூட்டுக்கு வடிவமைத்தவை. ஆனால் வேறொரு பலன் உண்டு. தேய்ந்துபோன 22 ஹெடரை மாற்றும்போது அதே சூட்டுக்கு 91-இல் மெல்லியதாகப் போட்டால், உள்ளுக்கும் வெளிக்கும் சூட்டு வித்தியாசம் குறையும், ஆலையை வேகமாக ஏற்றி இறக்க முடியும். அடுத்த கேள்விக்கும் இது உதவும்.

சோலார் வந்துடுச்சு. நிலக்கரியையே மூடப்போறாங்கன்னா இதைப் படிச்சு என்ன சார் பிரயோஜனம்?

நிலக்கரிப் புகையால் பூமி சூடாகி, கடல் உயர்ந்து, உப்புத்தண்ணீர் வயலுக்குள் ஏறுவதை வேதாரண்யத்துக்காரர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. நிலக்கரி குறைய வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் நாளைக்கே மூட முடியாது. அதுவரை எரிவது குறைவாக எரியட்டும் என்பதுதான் என் நிலை.

அதோடு, சோலாரே இந்த எஃகின் வேலையைக் கடினமாக்கியிருக்கிறது. பகலில் சோலார் தரும்போது அனல் ஆலை குனிய வேண்டும், சாயங்காலம் சட்டென்று நிமிர வேண்டும். 2023-இல் வந்த மத்திய விதிமுறை, ஆலைகள் தம் திறனில் 40 சதவீதம் வரை இறங்கி ஓடப் பழக வேண்டும் என்கிறது. ஒரே சூட்டில் வருஷக்கணக்கில் ஓடுவதற்கென்று செய்த பைப், இப்போது தினம் ஏறி இறங்குகிறது. ஊர்வும், ஏறி இறங்குவதால் வரும் அயர்வும் சேர்ந்து தாக்கும்போது ஆயுள் எவ்வளவு என்பதுதான் இன்று ஆராய்ச்சியாளர்கள் மண்டையை உடைக்கும் கேள்வி. நிலக்கரி போனாலும் இந்தப் படிப்பு போகாது. கல்பாக்கம் வேக ஈனுலையின் நீராவி உற்பத்திக் கலம் 91-இன் இனம்தான், அது பிறந்த காரணத்துக்கே திரும்பியிருக்கிறது.

91னு சொல்லி வேற எதையாவது தள்ளிவிட்டா எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கையில் பிடிக்கும் எக்ஸ்ரே துப்பாக்கியை வைத்தால் சில வினாடிகளில் குரோமியம், மாலிப்டினம், வனேடியம், நியோபியம் எவ்வளவு என்று காட்டிவிடும். 22-ஐ 91 என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தத் துப்பாக்கிக்குக் கார்பனும் நைட்ரஜனும் தெரியாது. பக்குவம் சுத்தமாகத் தெரியாது. 91 கலவை அச்சு அசலாக இருந்தும், காய்ச்சியது தவறி மென்மையாகிப் போன பைப்புகள் உலகத்தில் பல ஆலைகளில் மாட்டப்பட்டிருக்கின்றன. சான்றிதழ் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

ஆகவே கடினம் பாருங்கள். பைப், வெல்ட், இரண்டுக்கும் நடுவில் சூடு பட்ட பகுதி, மூன்றிலும் பார்க்க வேண்டும். பிரினெல் என்ற கடின அளவில் பைப் 190-க்குக் கீழே போனால் பக்குவம் கெட்டது. வெல்ட் 300-ஐ நெருங்கினால் எஸ்.ஆர். சரியாகப் படவில்லை. சந்தேகம் தீரவில்லை என்றால், அந்த இடத்தைக் கண்ணாடி மாதிரி தேய்த்து, அமிலம் தடவி, அசிட்டோனில் நனைத்த மெல்லிய பிளாஸ்டிக் தாளை ஒட்டி உரித்து எடுங்கள். எஃகின் மேற்பரப்பு அந்தத் தாளில் அப்படியே பதிந்திருக்கும். பைப்பை அறுக்காமலேயே நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கலாம். நல்ல 91 என்றால் நாணல் பாய் பின்னியது போல ஊசி ஊசியான அமைப்பு நெருக்கமாகத் தெரியும். கெட்டதில் வெள்ளை வெள்ளையாக வழுவழுப்பான திட்டுகள் நிற்கும். தாளைத் தேதி எழுதி எடுத்து வையுங்கள், ஐந்து வருஷம் கழித்து அதே இடத்தில் இன்னொன்று எடுக்கும்போது வேண்டியிருக்கும்.